பனியில் புதைத்த கால்கள்

1997 ஆகஸ்ட், சனிக்கிழமை. ஒக்லாண்டின் ரானுயி, விடிய நாலரை மணி.

பஸ் புறப்பட வேண்டிய நேரம் நாலரை. புறப்பட்ட நேரம் ஐந்து இருபது. எங்கள் சங்கத்துப் பிள்ளைகளே, இந்த ஐம்பது நிமிடத்தை மறந்துவிடாதீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு முதற்காரணமே அதுதான்.

பஸ்ஸில் பழுது எதுவும் இல்லை. சாரதியும் பிந்தவில்லை. அவர் நாலு பத்துக்கே வந்து, எஞ்சினை ஓடவிட்டு, முன் கண்ணாடியில் உறைந்திருந்ததைச் சுரண்டிக்கொண்டு நின்றார். பிந்தியது புரியாணி. நாற்பத்தொரு பேருக்கான சட்டி தாசன் அண்ணை வீட்டு அடுப்பில் இன்னும் மூடியபடி இருந்தது. தாசன் அண்ணைதான் எங்கள் மாதா கோயில் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சட்டியைத் துவாய்களால் சுற்றி, இரண்டு பேர் தூக்கி வந்து, பின் இருக்கையில் அதற்கென்று ஓர் இடம் பிடித்து, இருக்கைப் பட்டியையும் போட்டுவிட்டார்கள். அந்த பஸ்ஸில் பட்டி கட்டிப் பயணம் செய்தது அந்தச் சட்டி மட்டும்தான்.

நாங்கள் போனது ருவாபெஹு மலைக்கு. ரானுயியிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். பஸ் கட்டணம் பெரியவர்களுக்கு 25 டொலர், பிள்ளைகளுக்கு 12. இந்த நாட்டில் ஆகஸ்ட்தான் குளிர்காலம்; அப்போது அந்த மலை முழுக்கப் பனி. சனங்கள் காலில் நீளமான இரண்டு பலகைகளைப் பூட்டிக்கொண்டு மேலிருந்து கீழே சறுக்கி வருவார்கள். அதற்குப் பெயர் ஸ்கீ.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. மன்னாரில் பத்தாம் வகுப்பு வரைக்கும் போனேன். இங்கே ஹெண்டர்சனில் ஒரு ரயர் கடையில் வேலை. ஆகவே என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் இருந்தால் பொறுக்க வேண்டியதில்லை. அது வேண்டுமென்றே விட்டதுதான்.

இந்தப் பயணத்தில் என் மனைவி பிலோமினாவுக்கு ஓர் அலுவல் இருந்தது. அவவுக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. யன்னல் இல்லாத அறை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்பு மடிப்பது. இரண்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தம் என்று மருத்துவர் சொன்னார். அதோடு நித்திரையும் போனது. வீட்டில் சிரிப்பும் குறைந்தது. மருத்துவர் குளிசை தந்தார், நடக்கவும் சொன்னார். குளிசையை எல்லாரும் நினைவுபடுத்தினோம். நடப்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நானும்தான்.

அவ தானாகவே மலைக்குத் தொலைபேசி எடுத்து, தொடக்கக்காரருக்கான ஸ்கீ வகுப்பொன்றில் இடம் பதிந்தா. பகல் பன்னிரண்டு மணி வகுப்பு. சின்னச் சரிவின் லிஃப்டும் சேர்த்து 45 டொலர். அதற்காக ஐந்து மாதம் தயாரானா. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பஸ் புறப்பட்டதும் முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பிலோமினா, உண்மையே? நீர் அந்தப் பலகையில ஏறப்போறீராம்?”

“ஓம், ஏறத்தான் போறன்.”

“ஐயோ, காலை முறிச்சுக்கொண்டு வந்தால் வீட்டில ஆர் சமைக்கிறது?”

பஸ் முழுக்கச் சிரித்தது. அவவும் சிரித்தா. நான் சிரிக்கவில்லை. முறிகிற காலைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை; சமையலைப் பற்றித்தான் கவலை. ஒருவராவது “ஏன் பழகப் போறீர்?” என்று கேட்டிருக்கலாம்.

ஆறரை மணி, பொம்பே மேடு.

ஒக்லாண்டின் விளக்குகள் பின்னால் போய், தோட்டக் காணிகள் தொடங்குகிற இடம். இங்கே எங்கள் சாரதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் முனிசாமி. ஒடாஹுஹுவில் இருக்கிறார். ஃபிஜியில் பிறந்தவர். கரும்பு வெட்டப் போன தமிழர்களின் பேரன். அவர் வீட்டில் இப்போது ஹிந்திதான். ஆனாலும் எங்களோடு தமிழ் பேசுவதில் அவருக்கு ஓர் ஆசை. வயது ஐம்பத்தாறு. ஆள் ஒல்லி. முதுகு நேராக இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னும் எங்கள் சங்கத்தை இதே மலைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அன்றைக்கு பிலோமினாவுக்குத் தலையிடி. எல்லாரும் இறங்கிய பிறகும் அவ பஸ்ஸிலேயே இருந்தா. முனிசாமி பஸ்ஸின் அடிப்பெட்டியைத் திறந்து, ஒரு பழைய சோடி பலகைகளை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு போனாராம். அரை மணித்தியாலம் கழித்து, சரிவின் மேலிருந்து ஒரு மனிதர் வளைந்து வளைந்து இறங்கி வருவதை அவ பஸ் கண்ணாடியால் பார்த்தா. கிட்ட வந்தபோதுதான் அது முனிசாமி என்று தெரிந்தது.

அவ கேட்டபோது அவர் சொன்ன கதையை, இந்தப் பயணத்தில் எனக்கும் திரும்பச் சொன்னார்.

“பஸ்ஸுல உக்காந்து உக்காந்து இடுப்பு கட்டை மாதிரி ஆயிடுச்சு அண்ணே. காலைல செருப்பு மாட்டக் குனிய முடியாது. இந்த மலைக்கு வண்டி கொண்டாந்தா, நாள் பூரா வெயிட்டிங். மத்த டிரைவருங்க தூங்குவாங்க, சிகரெட் பிடிப்பாங்க. நானும் அதைத்தான் செஞ்சேன். ஒரு நாள் போரடிச்சு, பழைய பலகை ஒண்ணு வாங்கினேன்.”

“பயமா இருக்கேல்லையா?”

“இருந்துச்சு. முதல் நாள் விழுந்ததை எண்ணவே முடியல. ஆனா அன்னைக்கு ராத்திரி செத்தவன் மாதிரி தூங்கினேன். மூணாம் வருசம் சிகரெட் தானா போச்சு. மேல ஏறினா மூச்சு வாங்குதே, அப்புறம் எவன் பிடிப்பான்?”

மலைக்குப் போகும் அந்தச் சில நாட்கள் மட்டும் போதாது என்பதையும் அவர்தான் பிலோமினாவுக்குச் சொன்னார். பனி இல்லாத மாதங்களில் கால்களைத் தயார் பண்ண வேண்டுமாம். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து, கதிரை இல்லாமலே கதிரையில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்க வேண்டும். பிள்ளைகளே, சும்மா செய்து பாருங்கள். பத்து செக்கனில் தொடை எரியும்.

அதன் பிறகு மலை சாம்பல் கக்கத் தொடங்கியதால் சங்கம் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் பிலோமினா அதை மறக்கவில்லை. இந்த வருடம் மலை திரும்பத் திறக்கும் என்று தெரிந்ததும், பங்குனி மாதத்தில் தொடங்கினா. அடுப்பில் சோறு கொதிக்கும் நேரமெல்லாம் குசினிச் சுவரோடு அப்படி இருந்தா. முதலில் பதினைந்து செக்கன். ஆகஸ்டில் இரண்டு நிமிடம். வேலைக்குப் போகும்போது இரண்டு தரிப்பு முன்னதாக பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தா. சனிக்கிழமைகளில் வைட்டாக்கரே மலைப் படிகள். நான் காரில் இருந்து பேப்பர் வாசித்தேன்.

எட்டு இருபது, டெ குயிட்டி.

இங்கே நிற்பது பதினைந்து நிமிடம் என்று அச்சடித்த பயணத் தாளில் இருந்தது. நின்றது நாற்பத்தைந்து நிமிடம். றோல்ஸ் பெட்டி திறந்தார்கள். பிறகு கட்லெற் பெட்டி. பிறகு பிளாஸ்கில் தேத்தண்ணி. சீனி வருத்தம் உள்ளவர்கள் எங்கள் பஸ்ஸில் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர். ஒன்பது பேரும் தேத்தண்ணிக்குச் சீனி கேட்டார்கள். “பயணத்தில பத்தியம் பார்க்கக்கூடாது” என்றார் ஒருவர். எந்த மருத்துவர் அவருக்கு அதைச் சொன்னாரோ தெரியாது.

பிலோமினா ஒரு றோல் மட்டும் சாப்பிட்டுவிட்டு, பொதுக் கழிப்பறையின் வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்தினா. உடம்பைச் சூடாக்குகிறாவாம். எங்கள் மகள் ஷாமினி, ஒன்பது வயது, பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துச் செக்கன் எண்ணினாள்.

தாசன் அண்ணை கையில் கட்லெற்றோடு வந்தார். “பிள்ளை, என்ன இது? ஆரும் உம்மட கதிரையைக் களவெடுத்துப் போட்டினமே?”

“இல்லை அண்ணை, கதிரை இல்லாமல் பழகுறன். நீங்களும் வாங்கோவன்.”

“எனக்கேன்? நான் இருக்கிறதுக்கெண்டே கதிரை வாங்கி வச்சிருக்கிறன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். “அண்ணை, பிலோமினாவுக்குப் பன்னிரண்டு மணிக்கு வகுப்பு.”

“யோசேப்பு, மலை எங்கையும் ஓடாது” என்றார் அவர். மலை ஓடாது. நேரம் ஓடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் என் வாயிலும் கட்லெற் இருந்தது.

பத்து ஐம்பத்தைந்து, நெஷனல் பார்க்.

பெயரைக் கேட்டுப் பெரிய இடம் என்று நினைக்காதீர்கள். ஒரு சின்ன ஊர். ஆனால் தெருமுனையில் நின்று பார்த்தால் மலை முழுதாகத் தெரிகிறது. நீல வானத்தில் வெள்ளை. அவ்வளவு வெள்ளையைத் தான் சலவை அறையிலும் பார்த்ததில்லை என்று பிலோமினா சொன்னா.

ஒரு கடையில் ஸ்கீச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கிறார்கள். பலகைகள், சப்பாத்து, ஊன்றுதடி, மூன்றும் ஒரு நாளைக்கு 28 டொலர். நாற்பத்தொரு பேரில் வாடகைக்கு எடுத்தது ஒரே ஓர் ஆள். அந்தச் சப்பாத்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும். கொழுக்கிகள் போட்டு இறுக்கினால் கணுக்கால் அசையாது. அதைப் போட்டுக்கொண்டு நடப்பது இரண்டு வாளிக்குள் கால் விட்டு நடப்பதுபோல. பலகையை எடுத்தபோது அவவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதைக் கண்டு கனகாலம்.

பதினொன்று நாற்பது, மலை.

வளைந்த பாதையில் ஏறி வாகனத் தரிப்பிடத்தில் இறங்கினோம். வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம். வகுப்பு நடக்கும் இடம் நடந்தால் ஐந்து நிமிடம். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது தாசன் அண்ணை கமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தார். “பிலோமினா, அந்தப் பலகையைக் கொஞ்சம் தாரும். ஒரு படம் எடுத்திட்டுத் தாறன்.”

பிள்ளைகளே, இதை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். உங்களில் பலரின் வீட்டுச் சுவரிலும் இந்த மாதிரிப் படம் இருக்கிறது.

படம் எடுக்கும் முறை இதுதான். பலகைகளைப் பனியில் போடுவார்கள். அதற்குரிய சப்பாத்து இல்லாதவரின் கால் பலகையில் பூட்டாது. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த றப்பர் பூட்சோடு பலகையின் மேல் ஏறி நிற்பார்கள். பூட்ஸ் தெரியக்கூடாது. அதனால் பக்கத்தில் நிற்பவர் குனிந்து, பனியை அள்ளி, கால்களைக் கணுக்கால்வரை மூடுவார். கையில் இரண்டு ஊன்றுதடி. முழங்கால் கொஞ்சம் மடிய வேண்டும். சிரிப்பு. கிளிக். அவர் இறங்க, அடுத்தவர் ஏறுவார். படம் கனடாவுக்கும் லண்டனுக்கும் கொழும்புக்கும் போகும். பார்க்கிறவர்கள் ஆள் சறுக்குகிறார் என்று நினைப்பார்கள்.

ஒரு படம் என்றார். முதலில் அவர் குடும்பம். பிறகு அவர் குடும்பத்தில் தனித்தனி. பிறகு “எங்களையும் ஒருக்கா”. சேலைக்கு மேல் குளிர் ஜக்கெற் போட்டவர்கள், ஜக்கெற்றைக் கழற்றிச் சேலை தெரிய ஒன்று. வரிசை வாகனத் தரிப்பிடம் வரைக்கும் நீண்டது. ஒரே ஒரு சோடி பலகை. அதில் ஏற நாற்பது பேர்.

பிலோமினா அந்தக் கனத்த சப்பாத்தோடு ஓரமாக நின்றா. பன்னிரண்டுக்குப் பத்து. “அண்ணை, எனக்கு வகுப்பு…” பன்னிரண்டுக்கு ஐந்து. “ஒரு நிமிசம் பிள்ளை, இந்த ஐயாவுக்கு மட்டும்.” பன்னிரண்டு. தனக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழகாத ஆள், மூன்று தரத்துக்கு மேல் கேட்க மாட்டா. நான்? எனக்குக் கொதித்தது. ஆனால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? குனிந்து, ஒரு கிழவரின் பூட்சுக்குப் பனி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டார்கள், செய்தேன்.

ஷாமினி எனக்குப் பக்கத்தில் நின்று நான் செய்வதைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

“அப்பா, எங்கள் வீட்டு விறாந்தைப் படத்திலும் உங்கள் கால் தெரியாதே?”

நான் நிமிரவில்லை.

அந்தப் படம் அப்போது மூன்று வருடமாக எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. நீலத் தொப்பி, கையில் தடி, முழங்கால் மடித்து நான். கீழே பனி. என் தமையனுக்கு ஒரு பிரதி அனுப்பி, பின்பக்கத்தில் ‘நான் பனியில் சறுக்குகிறேன்’ என்று என் கையால் எழுதினேன். ஷாமினி தன் பள்ளிக்கூடத்தில், என் அப்பா ஸ்கீ செய்வார் என்று சொல்லியிருந்தாள். நான் அதையும் திருத்தவில்லை.

“ஓம் பிள்ளை” என்றேன். “அண்டைக்கு நான் போட்டிருந்ததும் பூட்ஸ்தான்.”

அவள் கோபிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. என் கையிலிருந்த பனியை ஒருமுறை பார்த்துவிட்டு, தாயிடம் போய் அவவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நிமிர்ந்து கைப் பனியைத் தட்டிவிட்டேன். “அண்ணை, போதும். பலகையைத் தாங்கோ.”

“இன்னும் ஆறு பேர்தான் யோசேப்பு.”

“ஆறு பேரும் என்ர மனிசியின்ர பலகையில நிண்டு எங்க போகப் போகினம்?”

தாசன் அண்ணை கமராவை இறக்கினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. எங்கள் குடும்பம் இங்கே வந்திறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னார், “ஊரில அம்மா இருக்கிறா. சண்டைக்குள்ள இருக்கிறா. படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் நல்லா இருக்கிறம் எண்டு நம்புறா. அதை ஏன் பிழையாப் பார்க்கிறீர்?”

நான் பலகையை வாங்கிக்கொண்டேன். மணி பன்னிரண்டு இருபது.

பன்னிரண்டு இருபத்தைந்து, வகுப்பு நடக்கும் இடம்.

பன்னிரண்டு மணி வகுப்பு மேலே போய்விட்டது. பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி சாவடியில் நின்றாள். பெயர் கேட். சிவப்பு ஜக்கெற், மூக்கில் வெள்ளையாக வெயில் களிம்பு. பிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்கள் அந்த பஸ்ஸில் வந்தவர்களா?” என்று தரிப்பிடத்தைக் காட்டினாள். “அந்த மாதிரி பஸ்ஸில் வருபவர்கள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவ வரமாட்டா என்று நினைத்துவிட்டேன்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தோலைப் பார்த்தா அப்படி நினைத்தாய் என்று கேட்க நினைத்தேன். என் ஆங்கிலம் அந்த அளவுக்கு வேகமாக ஓடாது. அது ஓடி வருவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது: அவள் எங்கள் தோலைப் பார்க்கவில்லை. இந்தச் சாவடியில் நின்றபடி, நாங்கள் காலுக்குப் பனி அள்ளிப் போட்டதை முழுக்கப் பார்த்திருக்கிறாள். இந்தப் பெயரை எங்களுக்கு வாங்கித் தந்தவர்கள் நாங்களேதான். மேலே எழுதினேனே, சறுக்காமலே சறுக்கியதாகக் காட்டிய ஒருவன், அவனும் அதில் ஒருவன்.

“இரண்டு மணிக்கு இன்னொரு வகுப்பு இருக்கிறது. மேலதிகக் காசு வேண்டாம். ஆனால் அதுதான் இன்றைக்குக் கடைசி” என்றாள் கேட். “சரியாக இரண்டு மணிக்கு வாருங்கள்.”

ஒன்று ஐம்பது, வாகனத் தரிப்பிடம்.

புரியாணி ஒரு மணிக்கு என்று தாளில் இருந்தது. சட்டி திறந்தது இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: எல்லாரும் வட்டமாக நின்று செபம் சொன்ன பிறகுதான் சாப்பாடு. யாரும் முன்னே சாப்பிடுவதில்லை, யாரும் நடுவில் போவதும் இல்லை. அன்றைக்குப் பரிமாறும் முறை எங்கள் குடும்பத்துக்கு. அகப்பை என் கையில். தட்டு நீட்டுவது பிலோமினா.

செபம் நீண்டது. பயணம் நல்லபடி முடிந்ததற்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, எல்லாருடைய சுகத்துக்கும் மன்றாட்டு. சுகம் என்ற சொல் மூன்று தரம் வந்தது. பிலோமினா கண்ணை மூடாமல் என் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“ஆமென்” சொன்னதும் அவ என் காதுக்குள் சொன்னா: “இஞ்சருங்கோ, பறவாயில்லை. அடுத்த வருசம் பாப்பம்.”

அதைச் சொன்ன விதம் எனக்குத் தெரியும். யன்னல் இல்லாத அறையிலிருந்து வீட்டுக்கு வரும்போது இருக்கும் குரல் அது. அடுத்த வருடம் இதே சட்டி வரும். இதே கமரா வரும். அவவுக்கு நாற்பத்து நாலு ஆகும். இன்றைக்கு அவ போகாவிட்டால், குசினிச் சுவரோடு இருப்பதையும் விட்டுவிடுவா. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“நீர் போம்” என்றேன். “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போம். நான் வாறன்.”

“பந்தி?”

“பந்தியை நான் பாக்கிறன்.”

அவ போகத் தொடங்கினா. வட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. “இதென்ன புதுப் பழக்கம்? சாப்பாட்டுக்கு நடுவில?” என்றது ஒரு குரல். “முதல்ல ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே” என்றது இன்னொன்று. புரியாணியை நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சரிவில் ஏற முடியாது. வயிறு கனத்தால் மூச்சு வாங்கும். அதையும் முனிசாமி சொல்லித் தந்திருந்தார். அவ இரண்டு வாழைப்பழத்தை ஜக்கெற் பைக்குள் வைத்திருந்தா.

நான் அகப்பையை தாசன் அண்ணையின் கையில் வைத்தேன்.

“என்ன இது?”

“அகப்பை. முப்பத்தெட்டுப் பேர். கோழிக் கால் பிள்ளையளுக்கு.”

“யோசேப்பு!”

நான் திரும்பவில்லை. எங்கள் சங்கத்தில் பன்னிரண்டு வருடத்தில் பந்தியை நடுவில் விட்டுப்போன முதல் ஆள் நான்தான் என்று பிறகு சொன்னார்கள். அது குற்றச்சாட்டாம். நான் அதை அப்படி எடுக்கவில்லை.

இரண்டு மணி, சின்னச் சரிவு.

வகுப்பில் ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஷாமினியின் வயது. கேட் முதலில் ஒரு பலகையை மட்டும் பூட்டி நடக்க வைத்தாள். பிறகு இரண்டு. பிறகு, நிற்பதற்கான வழி: முன் நுனிகள் இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின் பக்கத்தை அகட்ட வேண்டும். பலகை ஒரு கூரைபோல ஆகும். முழங்கால் மடிய வேண்டும், உடல் முன்னே சாய வேண்டும். பயந்து பின்னே சாய்ந்தால் விழுகை.

பிலோமினா முதல் தரம் பின்னே சாய்ந்தா. விழுந்தா. இரண்டாம் தரமும் விழுந்தா. மூன்றாம் தரம் வலைவேலியில் போய் முட்டினா. ஷாமினி விழுந்தவற்றை எண்ணினாள், எட்டு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் விழுந்தால் கேட் கைகொடுத்துத் தூக்கினாள். பிலோமினா தடியை ஊன்றித் தானே எழும்பினா. ஒவ்வொரு தரமும். எட்டுத் தரமும். குசினிச் சுவர் அந்தக் காலுக்குள் இருந்தது.

நான் அதுவரை அந்தச் சுவரைப் பார்த்து, இது என்ன விளையாட்டு என்று உள்ளுக்குள் நினைத்தவன். காரில் இருந்து பேப்பர் வாசித்தவன். சரிவின் கீழே நின்றபோது எனக்கு வந்த கோபம் தாசன் அண்ணையோடு அல்ல.

மேலே ஏறுவதற்கு ஒரு கயிற்று இழுவை இருக்கிறது. ஒன்பதாம் தரம் அவ அதைப் பிடித்து முக்கால்வாசி வரை போனா. அங்கேயிருந்து திரும்பினா. நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்தா. சாய்ந்தா. வந்தா. மெதுவாகத்தான் வந்தா, பக்கத்தில் ஒரு சின்னப் பையன் அவவைக் கடந்து போனான். ஐம்பது மீற்றர் இருக்கும். விழவில்லை. எனக்கு முன்னால் வந்து, கூரைபோல வைத்து, நின்றா.

மூச்சு வாங்கியது. கன்னம் சிவந்திருந்தது. வாயைத் திறந்து சிரித்தா. “கண்டனீங்களே?”

“கண்டனான்.”

“அம்மா! படம்!” என்று ஷாமினி கத்தினாள். நான் தரிப்பிடத்துக்கு ஓடினேன். தாசன் அண்ணை அகப்பையோடு நின்றார்.

“அண்ணை, கமராவைத் தாங்கோ, ஒரே ஒரு படம்.”

அவர் கமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். “பிலிம் முடிஞ்சுது யோசேப்பு” என்றார். “ரெண்டு றோலும்.”

பிள்ளைகளே, அன்றைக்கு எழுபத்திரண்டு படம் எடுத்தோம். எழுபத்திரண்டிலும் ஒருவரும் சறுக்கவில்லை. சறுக்கிய ஒரே ஆளுக்குப் படம் இல்லை.

நாலே கால், திரும்பும் வழி.

முனிசாமியும் மேலிருந்து இறங்கி வந்திருந்தார். பலகைகளை அடிப்பெட்டியில் வைத்துக்கொண்டே, “என்னாம்மா, எத்தனை தடவை?” என்று கேட்டார்.

“எட்டு.”

“நான் முதல் நாள் முப்பது. நீங்க கெட்டிக்காரி.”

டவுமருனுயி தாண்டியதும் வழக்கம்போலப் பாட்டு. ஒலிவாங்கியில் தாசன் அண்ணை, பின்னால் கைதட்டு. என் பக்கத்தில் ஒரு சின்னக் குறட்டை கேட்டது. பிலோமினா கண்ணாடியில் தலை சாய்த்து நித்திரை. இரண்டு வருடமாக இரவில் எழும்பிக் குசினியில் விளக்குப் போட்டுக்கொண்டு இருக்கும் ஆள், முப்பது பேர் பாடும் பஸ்ஸில், வாயைத் திறந்தபடி நித்திரை.

நான் எழும்பி முன்னே போய், சாரதியிடம் மெதுவாகக் காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியில் பின்னே பார்த்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். ஒலிவாங்கி செத்தது.

“என்ன முனி, என்ன நடந்தது?” என்றார் தாசன் அண்ணை.

“மைக் பழுதுங்க சார். ஒக்லாண்ட் போய்த்தான் பாக்கணும்.”

அவ பொம்பே மேட்டில்தான் கண் திறந்தா.

வீடு.

இதை நான் எழுதுவது ஒரு வருடத்துக்குப் பிறகு. இந்தக் குளிர்காலத்தில் பிலோமினா மூன்று தரம் மலைக்குப் போய் வந்தா, முனிசாமி ஓட்டும் வேறு பஸ்களில். இரண்டாம் தரம் நானும் வகுப்பில் சேர்ந்தேன். பத்தொன்பது விழுகை. எனக்குச் சுவரில் நாற்பது செக்கன்தான் தாங்கும். அவவுக்கு மூன்று நிமிடம். மலையில் நிற்பது வருடத்தில் மூன்று நாள். மற்ற நாளெல்லாம் அந்த மூன்று நாளுக்காக நடக்கிறோம், ஏறுகிறோம், சோற்றைக் குறைக்கிறோம். சுகம் வருவது அந்த மற்ற நாட்களில்தான். சீனி வருத்தம் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மருத்துவர் குளிசையைக் குறைக்கவில்லை. கூட்டவும் இல்லை. நித்திரை வந்திருக்கிறது. சலவை அறையில் பாட்டுப் பாடுகிறாவாம்.

பனியும் பலகையும் காசுச் செலவு என்பது எனக்குத் தெரியும். எல்லாராலும் முடியாது. படி ஏறுவதற்குக் காசு வேண்டாம், சுவருக்கும் வேண்டாம். ஆனால் காசு கட்டி, 350 கிலோமீற்றர் போய், கால்களைப் பனியில் புதைத்துவிட்டு வருகிறோமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாசன் அண்ணைக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்கிறேன்: அண்ணை, உங்கள் அம்மாவுக்குப் படம் அனுப்புங்கோ. அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அவ நம்புகிற அந்த நல்ல சுகம் உண்மையிலும் உங்களுக்கு இருக்க வேண்டாமா? ஒருக்கா என்றாலும் சப்பாத்தைப் பூட்டுங்கோ.

பயணம் முடிந்த மறுநாளே விறாந்தையிலிருந்த என் படத்தை ஷாமினிக்கு முன்னால் கழற்றினேன். தமையனுக்கும் கடிதம் போட்டேன். இரண்டு பக்கம் எழுத நினைத்து, நாலு வரி எழுதினேன்.

ஆணியைக் கழற்றவில்லை. பிலோமினா மலையிலிருந்து வந்தால் அதில் தன் கையுறைகளைக் கொழுவுவா. இப்போதும் தொங்குகின்றன. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஷாமினி கீழே ஒரு கோப்பை வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், இது என்ன, விறாந்தையில் ஈரக் கையுறை என்று கேட்கிறார்கள்.

“அது அம்மாவின்ர படம்” என்று அவள் தமிழிலேயே சொல்கிறாள்.